சம்பளம் ஓரிடம், சிருஷ்டி ஓரிடம்

சென்ற வாரம் ஹான்ஸ் மாக்னுஸ் என்ஸென்ஸ்பெர்கரை ஸ்டுட்கார்ட் வானொலி நிலையத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கவிஞர், கட்டுரையாளர், பத்திராதிபர், மொழிபெயர்ப்பாளர் என்று ஒரே ஆயுளில் பல அவதாரங்கள் எடுத்து, 1965-இல் 'கூர்ஸ்பூக்' என்ற விவாதப் பத்திரிகையைத் தோற்றுவித்து, 1997-இல் சிறுவர்களுக்காகக் கணித சாஸ்திரத்தையே கதையாக்கி, 2022-இல் தமது 93-ஆவது பிராயத்தில் காலமான அந்த ஜெர்மானியர், ஐம்பதுகளின் நடுவில் வானொலியில் உத்தியோகம் பார்த்தவர் என்பதையும், கேட்பவனைப் பேசவிடாமல் வைத்திருப்பது கருவியின் குணமல்ல, அதைக் கையில் வைத்திருப்போரின் ஏற்பாடே என்று 1970-இல் எழுதியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறபோது, ஈப்போவில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு நம்மவர் ஒருவரின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவர் ரெ. கார்த்திகேசு. 1940-இல் கெடாவிலுள்ள பீடோங்கில் பிறந்தவர். (ஆங்கிலத்தில் எழுதிக் கீர்த்தி பெற்ற கே. எஸ். மணியமும் இரண்டாண்டு கழித்து அதே சிற்றூரில்தான் பிறந்தார் என்பது, பேராக்காரர்களாகிய நமக்குச் சற்றே பொறாமை மூட்டும் செய்தி.) வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றி, நியூயார்க்கின் கொலம்பியாவிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் உயர்கல்வி பெற்று, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுஜனத் தொடர்புத்துறைப் பேராசிரியராக விளங்கிய அவர், 'வானத்து வேலிகள்' முதலான நாவல்களையும், சிறுகதைத் தொகுதிகள் பலவற்றையும், 'விமர்சன முகம்' என்ற திறனாய்வு நூலையும் இடைவிடாது எழுதி, 2016-இல் மறைந்தார்.

இருவரும் ஒலிவாங்கியின் முன் பழகியவர்கள். இருவரும் ஊடகத்தையே ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்கள். ஆயினும் இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது நியாயமாகாது. யுத்தத்துக்குப் பிந்திய ஜெர்மனியில் வானொலி நிலையங்களும் பதிப்பகங்களும் எழுத்தாளனுக்குச் சன்மானம் தந்து போஷித்தன. அங்கே பல துறைகளில் கை வைப்பது ஓர் உல்லாசமாகவும் இருக்கலாம். நம் நாட்டிலோ ஜீவனத்துக்கு ஓர் உத்தியோகமும், அதில் மிஞ்சிய நேரத்தில் எழுத்தும் என்பதே பெரும்பாலும் நியதி; நாவலாசிரியரே விமர்சகராகவும் ஆவது, வேறு ஆள் இல்லாத குறையாலும்தான்.

வாசகர்களின் கதையும் அப்படியே. தோட்டத்து லயங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டதும், வானொலிப் பெட்டி உள்ள வீட்டில் நாடக நேரத்துக்கு ஊரே கூடியதும் உண்டு. பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட பிறகு அந்தச் சபை கலைந்து, ஈப்போவின் தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போயிற்று. காதுக்கு உகந்த கார்த்திகேசுவின் வாக்கியங்கள் அத்தகைய சபைக்கே பொருத்தமானவை என்பது என் அபிப்பிராயம். படாடோபமில்லாத அந்த நடை, நோயையும் மரணத்தையும் பற்றிய 'அந்திம கால'த்தில் ஒப்பாரிக்கு இடங்கொடாமல் நிற்பதை அவருடைய ஆகச்சிறந்த சாதனையாகக் கருதுகிறேன். 1998-இல் வெளிவந்த அந்நாவலை அடுத்த வாரம் தனியே எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)