கொடுத்த சிப்பாய் போகட்டும்!

செஸ் ஆடுகிற குழந்தை வீட்டில் இருந்தால், அம்மாவுக்கும் கொஞ்சம் செஸ் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன், சகோதரிகளே. உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் ஊர் செங்கற்பட்டு. 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு என இரண்டிலும் ஏராளமான அணிகள். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த ஹரிகா ஆடிய நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். கேட்கவே உடம்பு சிலிர்த்தது! ஊரெல்லாம் வேட்டி சட்டையில் கும்பிட்டு நின்ற குதிரைத் 'தம்பி'யைப் பார்த்த நாளிலிருந்து என் மகள் செஸ் பலகையை விடவில்லை. அப்போது அவளுக்கு வயது ஒன்பது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஆடினாள். பிறகு 'கேம்பிட்' என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாள். வந்தது வினை! ஒரே போட்டியில் மூன்று ஆட்டம் தோல்வி. ஆட்டத்தை எழுதும் தாளை வைத்து வீட்டில் திரும்பக் காய்களை அடுக்கிக் காட்டினாள்.

"ஏண்டி, ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கியே?"

"அதுதாம்மா கேம்பிட்!"

"அரிசியில ஒரு பிடி சிந்தினாலே எனக்கு மனசு ஆறாது. நீ காயையே தானம் பண்றியே!"

இப்படி ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால், "சிப்பாயைக் கொடுத்துடாதே" என்று சொல்லியே அனுப்பினேன். தோல்வி நிற்கவில்லை. ஒருநாள் இரவு, "இனிமே நான் செஸ்ஸுக்கே போகலை" என்று படுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

கேம்பிட் என்பது இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல். மல்யுத்தத்தில் எதிராளியின் காலை வாரிவிடுவது என்று பொருளாம். நாமும் 'காலை வாரிட்டான்' என்கிறோமே, அதேதான்!

என் மகள் ஆடியது 'எவன்ஸ் கேம்பிட்'. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் எவன்ஸ் என்ற கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. நான்காவது நகர்த்தலிலேயே வெள்ளைக் காய் ஆடுபவர் ஒரு சிப்பாயை எதிராளி மந்திரியின் வாய்க்கு எதிரே கொண்டு போய் வைப்பார். மந்திரி அதை வெட்டும். உடனே அடுத்த சிப்பாய் வந்து மந்திரியை விரட்டும். மந்திரி ஓடி ஒளிவதற்குள் வெள்ளை நடுப்பலகையைப் பிடித்து, ராஜாவைப் பத்திரப்படுத்தி, மற்ற காய்களை எதிரி ராஜாவின் மேல் திருப்பிவிடும். அதாவது, ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். 1995இல் ரீகா நகரில் நம் விஸ்வநாதன் ஆனந்தையே காஸ்பரோவ் இந்த எவன்ஸ் கேம்பிட்டால் 25 நகர்த்தலில் தோற்கடித்திருக்கிறார்!

அப்படியானால் என் மகள் ஏன் தோற்றாள்? தாள்களை மறுபடி பார்த்தேன். மூன்று ஆட்டத்திலும் ஒரே கதை. சிப்பாயைக் கொடுத்தவள், ஐந்தாறு நகர்த்தல் கழித்து அதைத் திரும்பப் பிடிக்க ராணியை அனுப்பியிருக்கிறாள். வாங்கிய நேரமெல்லாம் அதிலேயே செலவு. எதிராளி நிதானமாகத் தன் காய்களை வெளியே கொண்டு வந்துவிட்டார். சிப்பாயும் போச்சு, நேரமும் போச்சு.

"ஏன் கண்ணு, ராணியை அங்கே அனுப்பினே?"

"நீ திட்டுவியேன்னுதாம்மா."

எனக்குப் பேச்சே வரவில்லை. பலகையில் அவளைத் தோற்கடித்தது எதிராளி அல்ல, என் பயம்தான்.

அடுத்த போட்டிக்குப் போகும்போது, "கொடுத்தது போகட்டும், முன்னாலே பார்த்து ஆடு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு ஜெயித்தாள், இரண்டு தோற்றாள். பரிசு வரவில்லை. ஆனால் வீடு வரும் வரை பஸ்ஸில் ஆட்டத்தைப் பற்றியே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

தாக்கி ஆடுகிறவர்கள் தோற்கவும் செய்வார்கள். மாமல்லபுரத்தில் 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், நல்ல நிலையில் இருந்தும் வெற்றிக்கே முயன்று, தவறிழைத்துத் தோற்றார். அவரேதான் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார்.

தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்:

* புது கேம்பிட்டை வீட்டில் பலமுறை ஆடிப் பார்த்த பிறகே போட்டியில் ஆடச் சொல்லுங்கள். எதிராளி சிப்பாயை வெட்டாவிட்டால் என்ன செய்வது, வெட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

* "இந்தச் சிப்பாய்க்குப் பதிலா உனக்கு என்ன கிடைச்சுது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் அது கேம்பிட். தெரியாவிட்டால் வெறும் நஷ்டம்.

* முதல் நாள் இரவு சீக்கிரம் படுக்க வையுங்கள். காலையில் வயிறு கனக்காத இட்லி போதும். சுற்றுகளுக்கு இடையே தயிர் சாதமோ வாழைப்பழமோ கொடுங்கள். தண்ணீர் மறக்க வேண்டாம்.

* குழந்தை வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "பசிக்குதா?" என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்லுவாள்.