கற்பனைக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு!



'படைப்பாற்றல்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது, குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய ஆர்க்கிமிடீஸும் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்த நியூட்டனும்தான். "அதெல்லாம் பெரிய மூளைக்காரங்க சமாச்சாரம்ப்பா. நாம டிப்ளமாவை முடிச்சோமா, ஒரு வருஷம் அப்ரண்டிஸ் பார்த்தோமா, எங்கேயாவது ஷிப்ட் சூப்பர்வைசரா உட்கார்ந்தோமான்னு இருப்போம். சொன்ன வேலையைச் சொன்னபடி செஞ்சா போதாதா?" என்று கேட்கிற நண்பர்கள் நம் ஹாஸ்டலிலேயே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொழிற்சாலையில் புதுமை என்பது பெரும்பாலும் குளியல் தொட்டியில் பிறப்பதில்லை. எரிச்சலில் பிறக்கிறது. தினமும் ஒரே இடத்தில் ஸ்பேனர் வழுக்குகிறது. ஒரே ஜாப் வாரத்துக்கு மூன்று தடவை ரிஜெக்ட் ஆகிறது. ஒரு சின்ன டூலுக்காக ஸ்டோர் வாசலில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. "இது எப்பவும் இப்படித்தான்" என்று தாண்டிப் போகிறவர் ஒரு ரகம். "இது ஏன் இப்படி?" என்று நின்று பார்க்கிறவர் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகம் பிறவியில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது என்பதே என் கட்சி.

ஒரு பெயிண்டரின் வசவு

அமெரிக்காவில் 1920-களில் இரண்டு நிறம் அடித்த கார்கள் ஃபேஷனாக இருந்தன. ஒரு நிறம் அடிக்கும்போது மற்ற பகுதியைக் காகிதத்தால் மூட வேண்டும். அந்தக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவார்கள். கடைசியில் பிய்த்தெடுக்கும்போது காகிதத்தோடு பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து வேலை! பெயிண்டர் என்ன பேசியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் அங்கே உப்புத்தாள் சாம்பிளோடு போய் நின்றவர் ரிச்சர்ட் ட்ரூ. த்ரீ-எம் கம்பெனியின் சாதாரண லேப் டெக்னீஷியன். கம்பெனிக்கு அப்போது உப்புத்தாள்தான் முக்கியமான சரக்கு. பெயிண்டர் திட்டியது இவரையும் அல்ல, இவருடைய சரக்கையும் அல்ல. "நமக்கென்ன?" என்று சாம்பிளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் யோசித்தார்: உப்புத்தாள் என்பது என்ன? காகிதத்தின் மேல் பசை, பசையின் மேல் மணல். மணலை விட்டுவிட்டால்? மேலிடத்தில் "உன் உப்புத்தாள் வேலையைப் பார்" என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் விடவில்லை. 1925-ல் வந்தது மாஸ்கிங் டேப். 1930-ல் அதே மனிதரிடமிருந்து செல்லோபேன் டேப். 1948-லிருந்து அந்தக் கம்பெனி, தன் ஆராய்ச்சி ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று வழக்கமே வைத்துக்கொண்டது.

ட்ரூ கெமிஸ்ட்ரியில் மேதை அல்ல. அடுத்தவன் எரிச்சலைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்!

ஸ்பிரிங் எங்கே போச்சு?

இன்னொரு உதாரணம் ஜப்பானில். 1961-ல் யமதா எலக்ட்ரிக் என்ற தொழிற்சாலையில் ஒரு சின்ன ஸ்விட்ச் அசெம்பிளி நடந்தது. இரண்டு பட்டன்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில சமயம் ஒரு ஸ்பிரிங் விட்டுப்போகும். ஸ்விட்ச் வாடிக்கையாளரிடம் போய்த்தான் மானத்தை வாங்கும். வழக்கம்போல "கவனமா வேலை செய்யுங்க" என்று அறிவுரை. கொஞ்ச நாள் சரியாக இருக்கும், மறுபடியும் அதே கதை.

ஷிகியோ ஷிங்கோ என்ற எஞ்சினியர் அங்கே வந்து பார்த்தார். அவர் சொன்ன மாற்றம் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. பெரிய டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்காதீர்கள். முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வையுங்கள். பிறகு அசெம்பிளி செய்யுங்கள். முடிந்ததும் தட்டில் ஸ்பிரிங் மிச்சம் இருந்தால்? எங்கேயோ விட்டுப்போச்சு என்று அர்த்தம். செலவு ஒரு தட்டு.

இந்த முறைக்கு முதலில் 'பாக்கா-யோக்கே' என்று பெயர். முட்டாளும் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு என்று பொருள். 1963-ல் வேறொரு தொழிற்சாலையில் இதைப் பொருத்தியபோது, "நான் என்ன முட்டாளா?" என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டாராம். ஷிங்கோ பெயரையே மாற்றினார். 'போக்கா-யோக்கே', அதாவது கைதவறுதலைத் தடுப்பது. தப்பு மனிதனிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்ற எண்ணம் அந்தப் பெயர் மாற்றத்துக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரப் போகிறோம். தட்டைவிட இந்தப் பெயர்க் கதைதான் நமக்கு அங்கே அதிகம் உதவும்.

சுற்றிப் பார்த்தால் நம்மிடமும் இது இருக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுவாக இருக்கட்டும் என்றுதான். லேத்தில் சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்று முதல் நாளே நமக்குச் சொல்லி மிரட்டுவார்கள். ஸ்பிரிங் வைத்த சக் கீயும் இருக்கிறது. கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். யாரோ ஒருவர் மிரட்டுவதோடு நிற்காமல் யோசித்திருக்கிறார்.

எழுதி வைக்காதது ஐடியா அல்ல

சரி, பழக்கம் என்றால் என்ன செய்வது? பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். செல்போனிலும் எழுதலாம்தான், ஆனால் கிரீஸ் கையோடு யார் போனைத் தொடுவது? தினமும் ஒரு எரிச்சல், ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் அட்டெண்டன்ஸ்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம். "மெஷின் சரியில்லை" என்பது புலம்பல். "காலையில் முதல் ஒரு மணி நேரம் போர் சைஸ் ஒரு மாதிரி, பதினொரு மணிக்கு மேல் வேறு மாதிரி" என்பது கவனிப்பு. இரண்டாவதை எழுதினவனுக்கு உடனே அடுத்த கேள்வி வரும்: காலைக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் என்ன மாறியது? மெஷின் சூடேறியிருக்கிறது! சூட்டில் ஸ்பிண்டில் நீளும், சைஸ் நகரும். இனிமேல் காலையில் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டிச் சூடேற்றிவிட்டு ஜாப் போட்டுப் பார்க்கலாமே! யோசனை எங்கிருந்து வந்தது? மணியைக் குறித்து வைத்ததிலிருந்து.

அடுத்தது 'ஏன்' கேட்பது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணம் பிரசித்தம். மெஷின் ஏன் நின்றது? ஓவர்லோட் ஆகி ஃபியூஸ் போச்சு. ஏன் ஓவர்லோட்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக எடுக்கவில்லை. ஏன்? பம்ப் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லை, உள்ளே இரும்புத் தூள் போய்விட்டது. முதல் 'ஏன்'-இலேயே நின்றவன் ஃபியூஸ் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போவான், அடுத்த மாதம் மறுபடியும் வருவான். ஐந்தாவது வரை போனவன் ஒரு வடிகட்டி போடுவான்.

கூட்டமாக உட்கார்ந்து யோசிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன், ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர். நல்ல முறைதான். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சொன்னதைவிட, நாலு பேர் தனித்தனியாக எழுதிப் பின்பு சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் கிடைத்தன. நம் ப்ராஜெக்ட் டீமில் என்ன நடக்கிறது என்று தெரியுமே! ஒருவன் பேசுவான், மூன்று பேர் தலையாட்டுவார்கள். ஆகவே முதலில் அவரவர் பத்து நிமிடம் எழுதிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும். டார்கெட் அவசரத்தில் ஒரு பட்டனில் குச்சியைச் செருகி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதுவும் 'புது யோசனை'தான். விரல் போகிற யோசனை. எதையும் முதலில் பேப்பரில், பிறகு ஸ்கிராப்பில், பிறகு அனுமதியோடு ஜாபில் செய்து பாருங்கள். கார்டு, இன்டர்லாக் பக்கம் மட்டும் கையே வைக்காதீர்கள்.

யோசனை ஒருவருடையது, லாபம் யாருடையது?

இதுவரை சொன்னதெல்லாம் பல புத்தகங்களில் கிடைக்கும். இனிச் சொல்லப் போவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

நம் டிபார்ட்மெண்டில் படித்து, ஒரு தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னது. அங்கே டிரில்லிங் மெஷினில் வயதான ஒரு ஆபரேட்டர். ஒவ்வொரு பிளேட்டுக்கும் மார்க்கிங் போட்டு ஓட்டை போடுவது வேலை. அவர் ஸ்கிராப் ஆங்கிளில் ஒரு ஸ்டாப்பர் செய்து டேபிளில் பொருத்திவிட்டார். மார்க்கிங்கே தேவையில்லை. பிளேட்டைத் தள்ளினால் போதும். முக்கால் ஷிப்டிலேயே அன்றைய டார்கெட் முடிந்தது. முதலாளி வந்து பார்த்தார், தட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் டார்கெட்டை ஏற்றிவிட்டார். சம்பளம் அதே சம்பளம்! அதற்கு அடுத்த வாரம் ஸ்டாப்பரைக் காணோம். "எங்கே அண்ணே?" என்று கேட்டதற்கு, "மூளையை வீட்டுல வச்சுட்டு வரேன் தம்பி, அதுதான் வயித்துக்கு நல்லது" என்றாராம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் 1944-45-ல் அமெரிக்காவில் ஒரு மெஷின் ஷாப்பில் டிரில் ஆபரேட்டராகவே வேலைக்குச் சேர்ந்தார். பார்த்ததை 1952-ல் எழுதினார். தொழிலாளர்களிடம் குறுக்கு வழிகள் ஏராளம் இருந்தன. ஆனால் டைம் ஸ்டடிக்காரர் வரும்போது எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்கள். ஒரு அளவுக்கு மேல் உற்பத்தியைக் காட்டவே மாட்டார்கள். காட்டினால் பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான். 'சைன்டிஃபிக் மேனேஜ்மென்ட்' பாடத்தில் வருகிறாரே டெய்லர், அவரும் தொழிலாளி வேலையைக் குறைத்துக் காட்டுவதற்கு ரேட் குறைப்பையே ஒரு முக்கியக் காரணமாக எழுதியிருக்கிறார். தொழிலாளியிடம் கற்பனை இல்லை என்பது பொய். இருக்கிறது, லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறார்.

மாற்றிச் செய்தவர்களும் உண்டு. கிளீவ்லாண்டில் வெல்டிங் மெஷின் செய்யும் லிங்கன் எலக்ட்ரிக் கம்பெனியில், தொழிலாளி அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காகப் பீஸ் ரேட்டைக் குறைப்பதில்லை என்பது கொள்கை. 1934-லிருந்து லாபத்தில் போனஸ். 1958-ல் வேலைக்கு உத்தரவாதமும் வந்தது. அங்கே யோசனையை மறைக்க வேண்டிய அவசியம் குறைவு. டொயோட்டாவில் ஐஜி டொயோடா 1950-ல் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தபின், 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கினார்கள். அதற்கும் வெகு முன்பே, 1898-ல், கோடாக் கம்பெனி ஒரு தொழிலாளிக்கு 2 டாலர் பரிசு கொடுத்திருக்கிறது. யோசனை என்ன தெரியுமா? ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் வெளிச்சம் வரும்! நம் நாட்டில் தர வட்டங்கள் 1980-ல் ஐதராபாத் பெல் தொழிற்சாலையில் தொடங்கின.

இதில் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? எஞ்சினியருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பது டிப்ளமா படித்தவன். ஆபரேட்டர் முதலில் யோசனையைச் சொல்வது நம்மிடம்தான். அதைக் கேட்டுக்கொண்டு மேலே போய் "நான் யோசிச்சேன் சார்" என்று சொல்லும் சபலம் நமக்கு வரும். இன்கிரிமெண்ட் கண்ணில் தெரியும். ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தால் போதும், அந்த ஷாப்பில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யோசனைத் தாளில் சொன்னவர் பெயரை எழுதிக் கொடுங்கள். ஆகுமா ஆகாதா என்று ஒரு வாரத்தில் அவரிடமே பதில் சொல்லுங்கள். ஆகாது என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள். மிச்சமான நேரத்தை வைத்து டார்கெட்டை ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதலில் பேச வேண்டியது நாம்தான். டார்கெட்டை முடிவு செய்யும் அதிகாரம் நமக்கு இருக்காது. ஆனால் "ஸ்டாப்பர் அவர் செய்தது சார், அவருக்கு என்ன?" என்று கேட்க அதிகாரம் தேவையில்லை. வாய் போதும்.

எங்கள் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவில் இந்த வருடம் ஒரு சோதனை செய்தோம். டூல் ரூம் ஜன்னலில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். இடது பக்கம் எரிச்சல், எழுதினவர் பெயரோடு. வலது பக்கம் பதில். 'ஹாக்ஸா பிளேடு வாங்க இருபது நிமிடம்' என்று ஒருவன் எழுதினான். இப்போது பேட்ச் தலைவனிடமே ஐந்து பிளேடு கொடுத்து வைக்கிறார்கள். 'உள்பக்க வைஸில் மார்க்கிங் கோடே தெரியவில்லை' என்ற வரிக்கு எதிரே, "டியூப் லைட்டுக்கு இண்டெண்ட் போட்டாச்சு" என்று இன்ஸ்ட்ரக்டரே தன் கையால் எழுதியிருக்கிறார். கேன்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும் நாலு வரி இருக்கிறது. அதற்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.