கீரையும் தண்ணீரும் கைவிடும்போது

மலச்சிக்கல் என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் வைத்தியராகிவிடுவார். கீரை சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, ராத்திரி படுக்கும்முன் ஒரு பூவன்பழம், காலையில் வெந்நீர், ஒன்றுக்கும் மசியாவிட்டால் விளக்கெண்ணெய். இந்த யோசனைகளில் குற்றமில்லை. பலருக்கு இவற்றோடு சிக்கல் தீர்ந்தும் போகிறது. தீராதவர்கள் கதை வேறு. தைராய்டு சரி, சர்க்கரை சரி, கொலோனோஸ்கோபி சரி. ஆனாலும் ஆண்டுக்கணக்காகக் கழிப்பறையில் அரைமணி நேரம். ‘காரணம் அறியப்படாத நாள்பட்ட மலச்சிக்கல்’ என்று மருத்துவர் எழுதுவது, அவர்கள் காதில் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்றோ ‘நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்றோதான் விழுகிறது. இரண்டுமே தவறு. ஏன் வந்தது என்று தெரியாமல் இருக்கலாம். உள்ளே எந்த வேலை நடக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதைப் பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கீரைக்கட்டை நீட்டுவதால்தான் பலருக்கு இது இழுத்துக்கொண்டே போகிறது.

முதலில், எது மலச்சிக்கல்? தினமும் காலையில் போகாவிட்டால் சிக்கல்தான் என்பது நம் வீட்டுக் கணக்கு. மருத்துவக் கணக்கில் நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு. 2016இல் வெளியான ரோம் 4 வரையறை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. நாலில் ஒரு தடவைக்கு மேல் முக்க வேண்டியிருக்கிறதா, மலம் புழுக்கை புழுக்கையாக வருகிறதா, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, வாசலில் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறதா, விரலால் உதவ வேண்டியிருக்கிறதா, வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவா என்று கேட்கிறது. இவற்றில் இரண்டு அறிகுறிகளாவது மூன்று மாதமாகத் தொடர்ந்து, தொல்லை தொடங்கி ஆறு மாதமும் ஆகியிருந்தால் அது நாள்பட்டது. நம் ஊர் ஆட்களுக்கு இது முக்கியம். இந்தியர்களில் பெரும்பாலோர் தினம் ஒரு முறையாவது போகிறவர்கள். அதனால் தினமும் போய்க்கொண்டே ‘சுத்தமாகப் போகவில்லை’ என்று அவதிப்படுகிறவரும் நோயாளிதான். எண்ணிக்கையை மட்டும் கேட்டு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

உள்ளே நடப்பது இரண்டு வேலைகள்: பெருங்குடல் சரக்கைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், வாசலில் உள்ள தசைகள் வழிவிட வேண்டும். சிலருக்கு இரண்டும் ஒழுங்காகவே நடக்கின்றன, ஆனாலும் மலம் இறுகி அவதி. சிலருக்குத் தள்ளுவதில் மந்தம்: எக்ஸ்ரேயில் தெரியும் சின்னச் சின்ன வளையங்கள் 24 அடங்கிய மாத்திரையை விழுங்கச் சொல்லி ஐந்தாம் நாள் படம் எடுத்தால், வெளியேறியிருக்க வேண்டிய வளையங்கள் வயிற்றுக்குள் சிதறிக் கிடப்பது தெரியும். மூன்றாவது வகைதான் விசித்திரம். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் வார்போல் முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த மடிப்புதான் நம்மை நாள் முழுக்கக் காப்பாற்றுகிறது. முக்கும்போது அது தளர்ந்து பாதை நேராக வேண்டும். இவர்களுக்குத் தளர வேண்டிய நேரத்தில் அது இறுகுகிறது. எவ்வளவு முக்குகிறார்களோ அவ்வளவு கதவு சாத்திக்கொள்கிறது. குத்தவைத்து உட்காரும்போது அந்த மடிப்பு ஓரளவு தானாகவே நேராகும். மேல்நாட்டுக் கழிப்பறையில் உட்காருகிறவர்கள் காலடியில் சின்ன மணைக்கட்டை போட்டுக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

நார்ச்சத்துக்கு வருவோம். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 149 பேருக்கு ஆறு வாரமாவது இசப்கோல் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனைகளில் கோளாறு எதுவும் தெரியாதவர்களில் 85 சதவீதம் பேர் தேறினார்கள். குடல் மந்தமானவர்களில் 80 சதவீதம் பேருக்கும், வாசல் தசை ஒத்துழைக்காதவர்களில் 63 சதவீதம் பேருக்கும் பலனே இல்லை. ஒரே பொடி, ஆளைப் பொறுத்து அமிர்தமும் ஆகிறது, வெறும் வயிற்று உப்புசமும் ஆகிறது. அப்படியானால் பாட்டி சொன்னது தப்பா என்று கேட்கலாம். இல்லை; முதலில் நார்ச்சத்தைக் கூட்டிப் பார்ப்பதே சரி, அதிலும் தவிட்டைவிட இசப்கோல் சுகம். தம்ளரில் கலக்கிய கையோடு கூழாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் சில வாரங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டும் அசையவில்லை என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. தண்ணீரும் அப்படியே. உடம்பில் நீர் வற்றியிருப்பவருக்கு அது மருந்து. போதுமான அளவு குடிப்பவர் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீர்தான் கூடும்.

‘உள்ளே தங்கினால் நஞ்சு ரத்தத்தில் ஏறாதா?’ இந்தப் பயத்துக்கு வயது அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர் ஆர்புத்நாட் லேன், இதே பயத்தில் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919இல் வால்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: நஞ்சு ரத்தத்தில் கலந்தது என்றால், மலம் கழித்த மறுநிமிடமே தலைவலியும் மந்தமும் விலகுவது எப்படி? பிறகு மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்தபோதும் அதே தலைவலி, அதே மந்தம் வந்தன. பஞ்சில் ஏது நஞ்சு? விரிந்த குடலின் நரம்புகள் சொல்லும் சேதிதான் அது. ஆகவே ‘குடல் சுத்தம்’ என்று விற்கப்படும் எனிமாக்களுக்கும் பொடிகளுக்கும் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: பேதி மருந்து பழகிவிட்டால் குடல் சோம்பேறியாகிவிடும். நெடுநாள் கோலோச்சிய இந்த நம்பிக்கைக்கு, மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர்களைப் பொறுத்தவரை வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் சிக்கல் திரும்புவது உண்மைதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவதுபோல. அதற்காகக் கண்ணாடியைக் குற்றம் சொல்வதில்லை. 2023இல் அமெரிக்கக் குடலியல் சங்கங்கள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், குடலில் நீரைத் தக்கவைக்கும் பாலிஎதிலீன் கிளைக்கால் தூளை உறுதியாகவே பரிந்துரைக்கிறது. சென்னா இலையையும் ஏற்கிறது. உலக மருந்துச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரிலேயே விற்கும் சரக்கு அது, நம் திருநெல்வேலிச் சீமையின் நிலாவரை. மந்தக் குடல்காரர்களுக்கு இவையும் போதாவிட்டால் குடலை அசைக்கும் புருகாலோபிரைடு போன்றவை இருக்கின்றன. எதை, எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், ஓபியாய்டு வலிநிவாரணிகள் எல்லாம் மலத்தைக் கட்டும்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பதெல்லாம் பெரிய ஊரில், பெரிய செலவில் நடக்கிற சமாச்சாரம்தானே என்று தோன்றலாம். ஆனால் வாசல் தசைக் கோளாறின் முதல் தடயம் கையுறை போட்ட ஒரு விரலிலேயே கிடைத்துவிடும். விரலை உள்ளே வைத்து ‘இப்போ முக்குங்க’ என்று சொல்லும்போது தசை தளர்கிறதா, விரலைக் கவ்வுகிறதா என்று பார்த்தால் போதும். கூச்சத்தில் மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால், 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனை ஒரு நிமிடத்துக்குள் வெளியே தள்ள முடிகிறதா என்று சோதிப்பார்கள். முடியாதவர்களுக்குப் பயோஃபீட்பேக் என்ற பயிற்சி இருக்கிறது: முக்கும்போது தன் தசை இறுகுவதைத் திரையில் ஏறும் கோடாகப் பார்த்து, அதைக் கீழே இறக்கப் பழகுவது. 2006இல் வெளியான 109 பேர் ஆய்வில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் பெரிய முன்னேற்றம்; பாலிஎதிலீன் கிளைக்கால் குடித்தவர்களில் 22 சதவீதம்தான். பயிற்சி ஐந்தே அமர்வுகள், வாரத்துக்கு ஒன்று.