கத்தி பட்டதும் பழத்துக்குள் என்ன நடக்கிறது?

வெயில் காலத்தில் ஃப்ரூட் சாலட் செய்கிறவர்களுக்கு மூன்று தொல்லைகள் பழக்கமானவை. ஆப்பிளும் வாழைப்பழமும் கறுத்துப்போகும். சர்க்கரை போட்டுவைத்தால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அன்னாசி சேர்த்த கஸ்டர்ட் கசக்கும். பழம் வாங்கிய கடையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மூன்றுக்கும் விடை பழத்தின் செல்களுக்குள் இருக்கிறது.

ஆப்பிளின் ஒவ்வொரு செல்லும் பல தடுப்புகள் கொண்ட வீடு. ஃபீனால் சேர்மங்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி அந்தத் தடுப்புகளை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, ஃபீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிவிடுவதால் கறுப்பும் சீக்கிரம் ஏறும்.

எலுமிச்சைச் சாறு இதை இரண்டு வழியில் தடுக்கிறது. அதன் புளிப்பு நொதியை முடக்குகிறது. அதிலுள்ள வைட்டமின் சி, உருவான குயினோன்களைத் திரும்பவும் ஃபீனால்களாக மாற்றிவிடுகிறது. வைட்டமின் சி தீரும்வரை பழம் வெளுப்பாகவே இருக்கும்.

அடுத்தது சர்க்கரை. ஒரு தர்பூசணித் துண்டின் மேல் கொஞ்சம் தூவிவிட்டு உற்றுப் பாருங்கள். முதலில் சர்க்கரை மணிகளின் ஓரம் ஈரமாகிப் பளபளக்கும். பிறகு மணிகள் கரைந்து துண்டின் மேல் கெட்டியான பாகு படரும். சிறிது நேரத்தில் அது நீர்த்து வழிய ஆரம்பிக்கும். அந்த நீர் பழத்துக்குள்ளிருந்து வந்தது. செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால், செல்சவ்வு வழியே தண்ணீர் வெளியேறுகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். தர்பூசணியில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் செல்களை உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருப்பதால்தான் கடித்தால் மொறுமொறுவென்று இருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் துண்டு துவண்டுவிடும். உப்பும் இதையேதான் செய்யும்.

அன்னாசியின் கதை வேறு. அதிலுள்ள புரோமெலைன் புரதங்களை வெட்டும் நொதி. பச்சை அன்னாசி பாலில் சேர்ந்ததும் அது பாலின் கேசீன் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகள் பல கசப்புச் சுவை கொண்டவை. நேரம் ஆக ஆகக் கசப்பும் கூடும். அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் புரோமெலைன் செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதால் கஸ்டர்டுடன் ஒத்துப்போகிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது குளிர்ச்சி செய்யும் வேலை. தர்பூசணியின் இனிப்பில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ் தருவது. இந்தச் சர்க்கரையின் மூலக்கூறு தண்ணீரில் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை, வளையத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளும். அவற்றில் அதிகம் இனிக்கும் வடிவம் குளிரில் பெருகுகிறது, சூட்டில் குறைகிறது. பழுத்த மாம்பழத்தில் மிகுதியாக இருப்பதோ சுக்ரோஸ். அதற்கு இப்படி வடிவம் மாறும் வித்தை தெரியாது. மாம்பழத்தின் பெருமை அதன் மணம். குளிர்ந்த பழத்திலிருந்து மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை.

ஆகவே, அன்னாசியை முதலில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் நறுக்கிய கையோடு எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். தர்பூசணியை நன்றாகக் குளிரவையுங்கள். மாம்பழத்தைப் பரிமாறும் நேரத்தில், குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் நறுக்கிச் சேருங்கள். சர்க்கரை வேண்டுமென்றால் அது கடைசி. எதை எப்போது சேர்ப்பது என்று தெரிந்தால், பழம் தன் சுவையைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.