கடல் விமானம் தண்ணீரை விட்டு எழுவது எப்படி?

இலங்கையின் ஹட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, மிதவை பூட்டிய சிறு விமானங்கள் இறங்கி ஏறுவதுண்டு. சக்கரம் உருள ஓடுபாதை இல்லாமல் அவை எப்படி எழுகின்றன?

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. விமானத்தைத் தாங்குவதும் அதுவே, இழுத்துப் பிடிப்பதும் அதுவே. வளைந்த அடிப்பாகத்தோடு நீர் ஒட்டிக்கொண்டு கீழே உறிஞ்சும்.

இதற்கு விடை, மிதவையின் அடியில் குறுக்காக அமைத்த ஒரு படி. வேகம் கூடியதும் நீரோட்டம் அந்தப் படியில் அறுபடும். இடையில் காற்று புகும். குளத்தில் சிறுவர் எறியும் தட்டைக்கல் போல விமானம் நீரின் மேலே வழுக்கி ஓடும். இழுவை குறைந்து, இறக்கை தூக்கிவிடும்.

உடலே படகாக அமைந்த பெரிய பறக்கும் படகுகளுக்கும் இதே படிதான். ஜப்பானின் கவனிஷி நிறுவனம் பிரிட்டனின் ஷார்ட் நிறுவனத்திடம் பறக்கும் படகு கட்டும் தொழிலைக் கற்றது. பின்னர், நான்கு இயந்திரமும் 40 மீட்டர் இறக்கையும் கொண்ட எச்6கே விமானத்தைத் தன் நாட்டுக் கடற்படைக்காக உருவாக்கி, 1936 ஜூலையில் பறக்கவிட்டது.

1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்ததும் ஒரு பறக்கும் படகே. தென்கரையிலுள்ள கொக்கலவிலிருந்து கிளம்பிய அந்தக் கட்டலினா ரக விமானத்தைச் செலுத்தியவர் கனடாவின் லியோனார்ட் பர்ச்சல். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது.

காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவு. அதனால் அதே சுமையோடு எழ, கடலோரக் கொக்கலவைவிட நீளமான நீர்ப்பாதை தேவைப்படும்.