வியர்வையும் கரப்பானும்

நாட்பட்ட தோல் நோய்களுள் கரப்பானும் ஒன்று. மேனாட்டு மருத்துவர் இதனை எக்ஸிமா என்பர். முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களில் தோல் வறண்டு, தடித்து, ஓயாது அரிக்கும். வெண்ணிறத்தாரின் தோலில் இது சிவப்பாகத் தோன்றும். நம்மவரின் தோலிலோ கருத்தும் சாம்பல் பூத்தும் காணப்படும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இந்நோய் தொடங்குகின்றது.

வியர்த்தால் அரிப்பு மிகும் என்பது இந்நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் அறிந்த செய்தி. 1980ஆம் ஆண்டில் ஹானிஃபின், ராய்க்கா என்னும் மருத்துவர் இருவர் வகுத்த அடையாளப் பட்டியலிலும் இஃது இடம்பெற்றது. ஆகவே, பிள்ளையை விளையாட விடாமல் தடுப்பதும், உடற்கல்வி வேளையில் திடலின் ஓரத்தில் உட்கார வைப்பதும் பலரிடம் காணப்படுகின்றன. இத்தடை தேவைதானா என்பதை ஆராய்வோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கரப்பான், சிரங்கைப் போலவோ படையைப் போலவோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. கைகோத்து ஆடுவதால் மற்றப் பிள்ளைகளுக்கு இந்நோய் வாராது.

தோலாகிய சுவர்

நமது மேல்தோல் செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரை ஒத்தது. உயிரணுக்கள் செங்கல், அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவர் உறுதியாக இருப்பதற்கு ஃபிலாக்ரின் என்னும் புரதம் துணைபுரிகின்றது. இப்புரதத்தை ஆக்கும் மரபணுவில் குறையுடையோர்க்குக் கரப்பான் எளிதில் வரும் என்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சுவரில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள அழுக்கும் நுண்ணுயிரும் உள்ளே புகும்.

வியர்வை நண்பனா, பகைவனா?

உடற்பயிற்சி செய்யும்போது தசைகளில் வெப்பம் பிறக்கின்றது. அதனைத் தணிக்கவே வியர்வை சுரக்கின்றது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலினின்று கொண்டுபோகும். வியர்வையில் பெரும்பகுதி நீரே. எஞ்சியது உப்பு, யூரியா, லாக்டேட் முதலியன. இவற்றுள் யூரியாவும் லாக்டேட்டும் தோலில் ஈரத்தைக் காக்கும் இயல்புடையவை. மேலும், நுண்ணுயிர்களை அழிக்கும் டெர்ம்சிடின் என்னும் பொருளும் வியர்வையில் உண்டெனச் செருமானிய ஆய்வாளர் 2001ஆம் ஆண்டில் கண்டனர். ஆகவே, வியர்வை இயல்பில் தோலுக்கு நண்பனே.

அந்நண்பன் பகைவனாவது தோலிலேயே தங்கிவிடும்போதுதான். நீர் ஆவியாகி உப்பு செறிந்தவுடன் வெடிப்புற்ற தோல் எரிகின்றது. அன்றியும், மனிதத் தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சை வெளிவிடும் புரதம் வியர்வையில் கலந்து நோயாளர்க்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றது என்பதை ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈரப்பதம் மிகுந்த நம் நாடுகளில் வியர்வை விரைவில் உலர்வதில்லை. நனைந்த சட்டையோடு பிள்ளைகள் வகுப்பில் அமர நேர்கின்றது. அரிப்பால் சொறிவதும், சொறிவதால் தோல் மேலும் புண்பட்டு அரிப்பு மிகுவதும் இவ்வாறே தொடர்கின்றன.

பள்ளிகள் காட்டிய வழி

இதற்கு மாற்று என்ன? ஜப்பானில் சில தொடக்கப் பள்ளிகளில் கரப்பானுற்ற மாணவர்களைச் சில வாரம் மதிய இடைவேளையில் குழாய் நீரில் உடலைக் கழுவச் செய்தனர். நோயின் கடுமை தணிந்ததை 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுரைகள் எடுத்துரைத்தன. வியர்ப்பதைத் தடுப்பதைவிட, வியர்த்தபின் அதனை அகற்றுவதே சிறந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் பள்ளிகளில் குளியலறை இல்லாவிடினும் செய்யத்தக்கவை பல உள. வெயில் தணிந்த காலை அல்லது மாலை வேளையில் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். தளர்வான பருத்திச் சட்டை அணிதல் நன்று. பயிற்சிக்குச் சற்றுமுன் கெட்டியான களிம்பைப் பூசினால் வியர்வை அடியில் தேங்கும். மெல்லிய பூச்சே போதுமானது. இடையிடையே நிழலில் ஓய்வும் குடிநீரும் வேண்டும். முடிந்தவுடன் முகம், கழுத்து, கைகால் மடிப்புகளைக் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரங்காக்கும் களிம்பைப் பூசி, மாற்றுச் சட்டை அணியவேண்டும். நீச்சலும் நல்ல பயிற்சியே. ஆயின் குளத்து நீரிலுள்ள குளோரின் தோலை வறளச் செய்யுமாதலால், கரையேறியதும் நல்ல நீரில் குளித்துக் களிம்பு பூசுதல் இன்றியமையாதது. நீர் வடியும் புண்ணோ சீழோ காய்ச்சலோ இருந்தால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

உடற்பயிற்சி கரப்பானைத் தீர்க்கும் மருந்தன்று. மருத்துவர் தரும் களிம்புக்கு அது மாற்றாகவும் ஆகாது. ஆயினும் உடல் வலிமை, நல்லுறக்கம், தோழரோடு கூடி ஆடும் மகிழ்ச்சி ஆகியவற்றை ஒரு நோயின் பெயரால் பிள்ளை இழத்தல் தகாது. ஆட்டம் முடிந்தபின் உடல் கழுவவும் சட்டை மாற்றவும் அம்மாணவனுக்கு ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கித் தருவாராயின், அவனும் மற்றவரைப் போலத் திடலில் ஓடி ஆடுவான்.