கைபேசியின் பின்புலப் பணிகள்

முதியோர் பலர் இன்று மருந்து உட்கொள்ளும் வேளையைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிட்டனர். இரவு 9 மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்று செயலி ஒன்று நினைவூட்டுகின்றது. அது 9 மணிக்கு ஒலிக்காமல் பத்தரைக்கு ஒலித்தால், அல்லது ஒலிக்காமலே இருந்துவிட்டால், என் செய்வது? கைபேசி பழுது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது பழுதன்று. செயலியை எழுதியவர் கைபேசியின் சட்டதிட்டங்களைக் கருத்திற் கொள்ளாததன் விளைவே அது.

நாம் திரையிற் காணாத வேளையில் ஒரு செயலி ஆற்றும் வேலையே பின்புலப் பணி எனப்படும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தொடக்கத்தில் இதற்குக் கட்டுப்பாடு மிகக் குறைவு. பத்துச் செயலிகள் எப்போதும் விழித்திருந்தால் மாலைக்குள் மின்கலம் தீர்ந்துவிடும் அன்றோ? ஆகவே 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பில் 'டோஸ்' என்னும் உறக்க நிலை புகுத்தப்பட்டது. மின்னூட்டமின்றி, அசைவின்றி, திரை அணைந்த நிலையிற் கைபேசி சிறிது நேரம் கிடந்தால் அது உறங்கத் தொடங்கும். அப்போது செயலிகளுக்கு இணையம் கிட்டாது. சாதாரண அலாரங்களும் தள்ளிப்போகும். இடையிடையே கண்விழித்து, தேங்கிய வேலைகளை ஒருசேர முடித்துக்கொண்டு மீண்டும் உறங்கும். 2017-இல் வந்த 8-ஆம் பதிப்போ, திரையில் இல்லாத செயலியின் சேவைகளைச் சில நிமிடங்களில் நிறுத்தியே விடுகின்றது.

மாணவர் விடுதியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. 10 மணிக்குக் காப்பாளர் விளக்கை அணைத்துவிடுவார். ஒளித்து விளக்கேற்றிப் படிப்பவன் அகப்படுவான். அனுமதி பெற்று, அவர் காணும்படி கூடத்தில் அமர்ந்து படிப்பவனுக்குத் தடையில்லை. ஆண்ட்ராய்டிலும் அத்தகைய கூடம் ஒன்று உண்டு. அதற்கு முன்புலச் சேவை என்று பெயர். பாடல் ஒலித்தல், பயணத்தில் வழிகாட்டல் போன்று இடையறாது நடக்கவேண்டிய வேலைகளுக்கே அது உரியது. அச்சேவையைத் தொடங்கும் செயலி 5 வினாடிகளுக்குள் தன்னை வெளிப்படுத்தி அறிவிப்பு ஒன்றை அளித்தாக வேண்டும் என்பது விதி. 2023-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல், அது எவ்வகை வேலை என்பதையும் முன்னரே குறிப்பிட வேண்டும்.

மருந்து நினைவூட்டலுக்கு இது பொருந்தாது. ஒரு கணம் ஒலிப்பதற்கு நாள் முழுதும் விழித்திருப்பானேன்? துல்லிய அலாரம் என்பதே அதற்குரியது; உறக்க நிலையிலும் அதனை ஒலிக்கச் செய்ய வழியுண்டு. ஆயின் 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் அதற்கெனத் தனி அனுமதி வேண்டும். அடுத்த ஆண்டின் பதிப்பு முதல், அறிவிப்புக் காட்டுவதற்கும் பயனரின் இசைவு வேண்டும். கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் அலாரங்கள் யாவும் அழிந்துபோகும். அவற்றைத் திரும்ப அமைக்க மறந்த செயலி, ஒருநாள் மின்கலம் தீர்ந்த பின் வாய்திறப்பதேயில்லை.

சர்க்கரை அளவைக் குறித்து மருத்துவமனைக் கணினிக்கு அனுப்பும் வேலையோ வேறு வகை. அது சற்றுத் தாமதித்தாலும் கேடில்லை; விடுபடுதல் மட்டும் கூடாது. இதற்கு 'ஒர்க் மேனேஜர்' என்னும் கருவித்தொகுப்பு உள்ளது. அது வேலையைச் சேமிப்பில் எழுதி வைத்துக்கொள்வதால், கைபேசி அணைந்து எழுந்தாலும் மறவாது. மீண்டும் மீண்டும் செய்யும் பணிக்கு 15 நிமிடத்திற்குக் குறைந்த இடைவெளியை அது ஏற்பதில்லை. தோல்வியுற்ற வேலையைத் திரும்பச் செய்யவும் வல்லது. எனவே ஒரே அளவு இருமுறை சென்று சேரக்கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இட்டு, இரண்டாவதை மருத்துவமனைக் கணினி தள்ளிவிடுமாறு எழுதுதல் வேண்டும். இல்லையேல் மருத்துவர் காணும் கணக்கே பொய்யாகும்.

இத்தனையும் செய்த பின்னும், கைபேசி உற்பத்தியாளர் சிலர் தாமே சேர்த்துள்ள மின்சேமிப்பு ஏற்பாடுகள் செயலியை அடக்கிவிடுவது உண்டு. அந்நிலையில் அமைப்புகள் பகுதியில் எதனை மாற்றவேண்டும் என்பதைச் செயலியே பயனருக்கு எளிய தமிழிற் கூறுதல் நன்று. எழுதுவோர் தம் செயலியைக் கையில் வைத்து மட்டும் சோதித்தல் போதாது. மின்கம்பியைக் கழற்றி, கைபேசியை மேசைமீது ஓர் இரவு தொடாமற் கிடத்தி, எந்த நினைவூட்டல் எத்தனை மணிக்கு ஒலித்தது என்று மறுநாட் காலை பதிவேட்டிற் பார்க்க வேண்டும்.